ஈரப்பதம்

என் வேலை கூட்டல் கணக்கு.
மூன்று ஷிப்ட், ஏழு முகப்பு, ஒரு பதிவேடு.
வெட்டிய டன், தரம், ஈரப்பதம், கழிவு.
மாதக் கடைசியில் மொத்தம் தலைநகருக்குப் போகும்.
அங்கே யாரோ ஒருவர் அதைத்
தேசிய உற்பத்தி என்று தட்டச்சு செய்வார்.
ஒருமுறை என் ஏழை அவர் ஒன்று என்று படித்துவிட
ஜார்ஜியா ஆறாயிரம் டன் மாங்கனீசை இழந்தது.
யாரும் தேடவில்லை.

பதினான்காம் பகுதியின் வரைபடத்தை
மார்ச்சில் என் மேசைமேல்தான் விரித்தார்கள்.
மண்ணுக்குக் கீழே இருப்பது எல்லாம் அதில் இருந்தது.
மேலே இருப்பதை யாரும் வரையவில்லை.
நான் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன்:
பள்ளிக்கூடத்தின் மூலை,
பிறகு ஷுராவின் திராட்சைப் பந்தல்,
பிறகு, கோலை இன்னும் இரண்டு விரற்கடை நகர்த்தினால்,
என் அடுப்பு.

நவம்பர் கடைசியில் சுவர் வாய் திறந்தது.
பொறியாளர் ஒருவர் வந்தார், சின்ன வயது,
ஷூவைக் கழற்றச் சொன்னேன், சாக்ஸில் ஓட்டை.
விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை
இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதினார்.
"இது உடைந்தால் வீடு நகர்கிறது.
உடையாவிட்டால் விரிசல் பழையது."
வீடு எதனால் நகர்கிறது?
"அதற்கு வேறு படிவம்."

என் கணவர் ஸௌரி
கண்ணாடிக்கு நேரே கட்டிலை இழுத்துப் போட்டார்.
ஜுரக்காரக் குழந்தைக்குக் காவல் இருப்பதுபோல்
பத்து இரவு.
பதினோராம் இரவு
வாதுமைக் கொட்டையைப் பல்லில் வைத்ததுபோல் டக்கென்றது.
அவர் அப்போது தூங்கிவிட்டிருந்தார்.
நான்தான் கேட்டேன்.

அதே வாரம் ஷுரா
தோட்டத்தில் புதைத்திருந்த மண்சாடியைத் திறந்தாள்.
மகன் கல்யாணத்துக்கென்று
போன அறுவடையில் ஊற்றிவைத்த எண்ணூறு லிட்டர்.
மூடியில் பூசிய களிமண் பூசியபடியே.
உள்ளே தலையை விட்டு "யாரது?" என்றாள்.
சாடியும் அதையே கேட்டது.

இரவு ஷிப்ட் ரெவாஸ் சொல்கிறான்
(அவன் பேச்சில் பாதியைக் கழித்துத்தான் எடுக்கவேண்டும்):
ஐந்தாம் முகப்பில் கூரை சொட்டியது,
விளக்கைத் திருப்பினால் தேன் நிறம்,
ஹெல்மெட்டைக் கழற்றிப் பிடித்தோம்,
வாயெல்லாம் கரித்தூள், ஆனாலும் வைன்.
யார் கல்யாணம் என்று தெரியாது,
முறையாக எழுந்து நின்று வாழ்த்திவிட்டே குடித்தோம்.

காலையில் பதிவேட்டைப் புரட்டினேன்.
டிசம்பர் நான்கு, ஐந்தாம் முகப்பு, அறுநூறு டன்.
ஈரப்பதம் வழக்கத்தைவிட அரைக்கால் சதவீதம் கூடுதல்.
என் கையெழுத்துதான்.
அறுநூறில் அரைக்கால் சதவீதம், எழுநூற்றைம்பது லிட்டர்.
ஐம்பது உதைக்கிறது.
அது ரெவாஸின் ஹெல்மெட்.

ஈரத்துக்கு விலை கிடையாது.
வாங்குகிறவன் எடையில் கழித்துக்கொள்வான்.
உலையில் ஆவியாகப் போவதற்கு
எவன் காசு கொடுப்பான்?
நிறுவனம் ஷுராவிடம் சான்று கேட்டிருக்கிறது:
சாடியில் வைன் இருந்ததற்கு ஒன்று,
சாடிக்குக் கீழே சுரங்கம் இருந்ததற்கு ஒன்று.

பதிவேட்டின் ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
பதினெட்டு வருடத்தில்
மின்தடை, பனி, மறுபடி மின்தடை
தவிர எதுவும் அதில் நான் எழுதியதில்லை.
இன்று எழுதினேன்.
ஈரம் ஷுராவுடையது. எண்ணூறு லிட்டர். கல்யாண வைன்.
எழுத்து கட்டத்தைத் தாண்டிக்
'கழிவு' வரைக்கும் போய்விட்டது.
தலைநகரில் தட்டச்சு செய்பவர்
அதை எந்த எண்ணாகப் படிப்பாரோ.

போன் அடிக்கிறது, ஸௌரி.
புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறாராம்.
கையில் சாந்து காய்கிறது,
இன்றைக்கு என்ன தேதி என்கிறார்.