பயணிகள் அறிய வேண்டியவை

குன்னூர் பெட்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் கொடுத்த தாள்.
ஒரு பக்கம் டிக்கெட்.
மறுபக்கம், மாலத்தீவு செல்வோருக்குப்
பதினான்கு குறிப்புகள்.
கேத்தி பஸ் கிளம்புவதற்குள் ஏழு படித்தேன்.
எட்டாவதில் நின்றுவிட்டேன்.

நேரம், நம்மைவிட அரைமணி பின்னால்.
தெரிந்ததுதான்.
ஷைலஜா இரவுப் பணி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அழைக்கும்போது
இங்கே கேரட் கழுவும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.
"என்ன சத்தம்?" என்பாள்
மூன்று வருடமாக.

வெயில், வருடம் முழுக்க முப்பது டிகிரி.
ஸ்வெட்டர் இல்லாமல் நான் போன ஊர்
மேட்டுப்பாளையம் மண்டி ஒன்றுதான்.
அதையும் கல்லாறு தாண்டித்தான் கழற்றுவேன்.

ஆயிரத்து இருநூறு தீவு, ஆள் இருப்பது இருநூறுக்கும் குறைவு.
ஆறு கிடையாது.
எழுத்து வலமிருந்து இடம்.
வெள்ளிக்கிழமை விடுமுறை.
நாய் வளர்க்க அனுமதியில்லை.
(கரியனிடம் இதைச் சொல்லவில்லை.)

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவரக் கூடாது.
இரண்டாவது சிரமமில்லை.
முதலாவது, பதினைந்து நாள்தானே.
பர்ஸில் இருக்கும் ஹெத்தை படம் சிலையில் சேருமா என்று கேட்டேன்.
ஃபெலிக்ஸ் தன் கழுத்துச் செயினை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு
தெரியவில்லை என்றான்.

எட்டாவது குறிப்பு:
நாட்டின் மிக உயர்ந்த இடம்
கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.
என் தோட்டம் பதினெட்டுப் படி.
ஒவ்வொரு படியும் என் இடுப்பு உயரம்.
மூன்றாவதில் ஏறி நின்றால்
ஒரு நாடே என் செருப்புக்குக் கீழே:
அதன் பார்லிமெண்ட், போலீஸ், மாசிக் கருவாட்டுக் கடை,
நைட் டியூட்டியில் இருக்கும் என் மனைவி.

அன்றிரவு கேட்டேன்,
"அங்கே மேடே இல்லையா?"
"படகில் ஏற மூன்று படி இருக்கு."
பிறகு ஏதோ யோசித்தவள்போல,
"இங்கே எது கையிலிருந்து விழுந்தாலும்
விழுந்த இடத்திலேயே கிடக்கும், தெரியுமா?"

எனக்குத் தெரியாது.
எங்கள் ஹட்டியில் ஓர் உருளைக்கிழங்கு தவறினால்
அது ஹாலனின் முட்டைக்கோஸுக்குப் போய்ச் சேரும்.
சின்ன வயதில் நான் விட்ட பந்துகள் எல்லாம்
இன்னும் காட்டேரி அணையில் மிதப்பதாக நம்புகிறேன்.
கல்யாணத்தன்று நழுவிய தேங்காயை
நாலு வீடு கீழே போய்
வேறொருவர் சட்னியில் கண்டுபிடித்தோம்.
இங்கே எதுவும் தங்காது.
சண்டைகூட விடிவதற்குள் பள்ளத்துக்கு இறங்கிவிடும்.

"நீ சொன்னதும் அப்படித்தான்" என்றாள்.
"எது?"
"போன ஜனவரி. உறைபனி விழுந்த வாரம்."

கேரட் கருகிய வாரம்.
பேங்க்காரன் இரண்டு முறை வந்துபோன வாரம்.
லீவு கிடைத்திருக்கு, வரட்டுமா என்றாள்.
நீ வராட்டிப் பரவாயில்லை,
பணம் வந்தால் போதும் என்றேன்.
சொல்லிவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டேன்.
அது அப்போதே உருண்டு போயிருக்கும் என்றிருந்தேன்.

"கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கு.
தாண்டித்தான் எழுந்திருக்கேன்
தினமும்."

மெஷின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.
என்ன சத்தம் என்று அன்று கேட்கவில்லை.

ஒன்பதாவது குறிப்பு, பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள்.
ஊட்டியில் வாங்கிவிட்டேன்.
பத்து முதல் பதினான்கு வரை
இன்னும் படிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்
பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன்.
கேத்தியில் சமதளம் என்று
நாங்கள் எல்லோரும் நம்பும் ஒரே இடம்.
வாலிபால் கம்பத்துக்கு நடுவே
ஓர் உருளைக்கிழங்கை வைத்தேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல்,
மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது.

பின்னாலேயே போய் எடுத்துக்கொண்டேன்.