இருநூற்றுப் பதினான்காம் அறையின் ஆறு நாட்கள்

ஜனவரியில் எங்கள் தீவுக்கு யாரும் வருவதில்லை.
வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெயர் பூரா.
இன்று ஊர் பூரா அதுதான்.
ஸ்ப்ளிட் போகும் கப்பல் மூன்றாம் நாளாக ரத்து.
மூடிய ஹோட்டலில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள
மூன்று பேருக்குச் சம்பளம்:
சமையல்காரன் ஃப்ரானே, கொதிகலன் பார்க்கும் ஷிமே,
அறைகளைத் துடைக்கும் நான், நிவெஸ்.
விற்க டிக்கெட் இல்லாததால்
டோன்காவும் வந்துவிட்டாள்.

தொலைந்த பொருள் அலமாரியில்
ஒற்றைச் செருப்புகள், சார்ஜர்கள், ஒரு பல்செட்,
அடியில் அந்தப் பெட்டி.
விடுமுறையைத் திட்டமிடும் விளையாட்டாம்.
மூடியில், எங்கள் கடலைவிட நீலமாக ஒரு கடல்.

ஆளுக்கு ஆறு நாள்.
நாளுக்குக் காலை, மதியம், மாலை என மூன்று கட்டம்.
சீட்டை எடு, வை.
ஒரே நிறம் அடுத்தடுத்து அமைந்தால் புள்ளி.
அதிகம் நடந்தால் ஒரு சோர்வு வில்லை, சாம்பல் நிறத்தில்.
காலியாக விட்ட கட்டத்துக்கு மூன்று புள்ளி போச்சு.

ஃப்ரானே முதல் நாளே
மூன்று வேளைக்கும் உணவகம் வைத்தான்.
“எவனாவது சமைக்கட்டும்,
நான் உட்கார்ந்து உப்பு குறைவு என்கிறேன்.”

டோன்கா கப்பல் சீட்டைத் தொடவே இல்லை.
“பத்தொன்பது வருஷமாக ஊர்ப்பட்ட பேரை ஏற்றி அனுப்புகிறேன்,
இங்கேயுமா?”
நடந்தே போனாள்.
அவள் பக்கம் சாம்பல் வில்லைகள் குவிந்தன.

எரிமலை பார்த்தே தீருவேன் என்று
மூன்று சுற்று காத்திருந்தான் ஷிமே.
அது வந்தபோது அவனிடம் மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.
‘ஞாயிறு விடுமுறை’ என்றது சீட்டின் அடிக்குறிப்பு.
எரிமலைக்கு!
சிரித்ததில் டோன்காவின் காபி
பலகையின் துறைமுகத்தில் கொட்டியது.

எனக்கு விடுமுறையை
அதன் மறுநாள் காலையிலிருந்துதான் தெரியும்.
துண்டில் மணல்,
கூடையில் நான்காகக் கிழித்த வரைபடம்,
தலையணை உறையில் வெயில் களிம்பு.
கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தால்
இரவு சண்டை.
அதனால் என் ஆட்கள் யாரையும்
பதினொரு மணிக்கு முன் எழுப்பவில்லை.
காலைக் கட்டங்களில் எல்லாம்
மலிவான சீட்டு, ‘காபி, ஜன்னலோரம்’.

புள்ளி எழுதத் தாளைத் திருப்பினேன்.
ஏற்கனவே யாரோ எழுதியிருந்தார்கள், பச்சை மையில்:
லோட்டே, யோரிஸ், அம்மா, அப்பா.
நான்காம் நாள் வரை எண்கள். அம்மா முன்னால்.
ஐந்தாம் நாளில் லோட்டேக்கு மட்டும் ஒரு ஏழு.
பிறகு வெறும் கோடுகள்.

ஆகஸ்ட். நினைவிருக்கிறது.
இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனார்கள்.
ஏன் என்று கேட்பது என் வேலையில் சேராது.
பால்கனிக் கொடியில் நான்கு நீச்சலுடைகள் சொட்டிக்கொண்டிருந்தன,
இரண்டு பெரிது, இரண்டு சிறிது.
காயவைத்து, மடித்து வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

மற்றவர்களிடம் சொல்லவில்லை.
தாளைப் பின்பக்கம் திருப்பி
எங்கள் பெயர்களை எழுதினேன்.

கடைசிச் சுற்று.
என் கையில் கலங்கரை விளக்கம்,
மாலைக்கு மட்டும், ஐந்து புள்ளி.
ஐந்தாம் நாள் மாலை காலியாக இருந்தது,
அதற்கென்றே அளவெடுத்தாற்போல.
சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
“வைக்க இடமிருக்கே, நிவெஸ்!”
“தெரியும்.”
“மூன்று போகும்.”
“போகட்டும்.”
ஃப்ரானே என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
கழித்துக்கொண்டான்.

அவன்தான் ஜெயித்தான், ஐம்பத்திரண்டு.
பதினோரு உணவகங்களில் சாப்பிட்ட அந்த மனிதன்
எழுந்து போய், பசிக்கிறது என்று
அடுப்பைப் பற்றவைத்து
எங்களுக்கு மத்தி மீன் பொரித்தான்.
உப்பு குறைவு.
மூவருமாகச் சொன்னோம்.

டோன்காவின் போன் அதிர்ந்தது.
நாளையும் கப்பல் இல்லை.

“நல்லது,” என்று விரலை நக்கினான் ஷிமே.
“நாளைக்குத் திங்கட்கிழமை.
எரிமலை திறந்திருக்கும்.”