பதினான்காம் வளைவு

செங்கோடன் பஸ் சர்வீஸில்
பத்தொன்பது வருஷம் ஓட்டினேன்.
சேலம் பழைய நிலையம், கோரிமேடு, அடிவாரம்,
இருபது கொண்டை ஊசி, ஏற்காடு.
இறங்கும்போதும் அதே இருபதுதான்,
ஆனால் அதே இல்லை.

பின் சீட்டுக்கு அடியில்
யாரோ விட்டுப்போன கேசட்டை
மாதையன் எடுத்துவந்தான்.
உறை இல்லை. பென்சிலில் ஒரு வரி:
ஹார்ப்ஸிகார்ட். திருப்பித் தரவும்.
யாருக்கு என்று எழுதவில்லை.
போட்டோம்.

முதலில் வெறும் இரைச்சல்,
சட்டியில் எண்ணெய் காய்வது போல.
பிறகு ஒரு நாற்காலி முனகியது.
பிறகு ஒரு ஆள், எந்த ஊரோ, என்ன குளிரோ,
மூக்கால் மூச்சை இழுத்தான்.
அதற்கப்புறம்தான் கொட்டியது:
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மூட்டையைச்
சிமெண்டுத் தரையில் கவிழ்த்த மாதிரி.

"நிறுத்துய்யா, தலை வலிக்குது" என்றார்
மிளகு மூட்டைக்காரர்.
"இது சினிமாப் பாட்டுல நடுவுல வர்ற பிட்டு,
அங்கேயிருந்து சுட்டுட்டானுங்க" என்றாள்
ஜன்னலோரக் கல்லூரிப் பெண்.
டிக்கெட் கிழித்தபடி மாதையன் சொன்னான்:
"இது முந்நூறு வருஷத்துச் சரக்கும்மா."
அவனுக்கு எப்படித் தெரியும்?
தெரியாது. அடித்துவிட்டான்.
சரியாகத்தான் இருந்தது.

ஆறாம் வளைவு வரை எனக்கும் பிடிக்கவில்லை.
ஏழில் இடது கை ஒன்று சொன்னது.
எட்டில் வலது கை அதையே
கொஞ்சம் மேலே நின்று சொன்னது.
ஒன்று ஏற, ஒன்று இறங்க,
ஒன்றுக்கொன்று ஆரன் கொடுத்து
இடம் விட்டு
கண்ணாடி உரசாமல் கடந்து போயின.
எழுதியவன் மலையில் வண்டி ஓட்டியிருக்கிறான்,
குதிரை வண்டியாவது.

மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம்,
பதினான்காம் வளைவில் முக்கால் மணி நேரம்
நின்ற வண்டி, கொதித்த ரேடியேட்டர்.
டெக் நாடாவைத் தின்றது.
கசங்கிய துண்டை மாதையனின் பிளேடால் அறுத்து
செலோடேப் போட்டு ஒட்டினேன்.
நாலு விநாடி போச்சு.
அதன் பிறகு
நெரிசலில்லாத நாட்களில்,
பஸ் பதினான்கைத் தொடும்போதே
பாட்டும் அந்த வெட்டைத் தாண்டிக் குதிக்கும்,
ஒரு வளைவை மட்டும் யாரோ
மலையிலிருந்து கழற்றிக்கொண்டு போனது போல.
என் வலது கால்
கேட்காமலே பிரேக்குக்குப் போகும்.

ஓய்வுக்குப் பிறகு, மாதையனும் போன பிறகு,
ரிப்பேர் கடை ரியாஸ்
கேசட்டைத் தன் போனுக்குக் காட்டினான்.
போன் காது கொடுத்துக் கேட்டது, பெயர் சொன்னது.
வாயில் நுழையாத பெயர்.
"எழுதினவருக்கு இருபது பிள்ளைங்களாம் அண்ணே."
வளைவுக்கு ஒன்று என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

அதே ஆள் வாசித்த அதே பதிவு,
சுத்தம் செய்து புதுசாக விட்டிருக்கிறார்கள்.
எண்ணெய் காயவில்லை.
நாற்காலி முனகவில்லை.
மூச்சையும் துடைத்துவிட்டார்கள்.
யாருமே உட்காராமல்
பெட்டி தானாக வாசித்தது.
தொலைந்த நாலு விநாடி மட்டும்
இடத்தில் இருந்தது:
ஒரு சின்ன மேடு, உடனே ஒரு பள்ளம்.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.
இரண்டாம் தடவை கேட்டபோது
மாதையன் இதைக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

நேற்று சிலிண்டர் வரவில்லை என்று
கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"
என்றது ஒரு குரல். அதன் பின்னால்
தகரத்தில் அடித்தது போல, மெலிந்து, நசுங்கி,
என் கொலுசு மூட்டை.
சமையலறையில் நின்றபடி
எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஏறினேன்.
பதின்மூன்றில்
ஒரு பெண் எடுத்தாள்:
"சொல்லுங்க சார், என்ன புகார்?"

ஒன்றுமில்லை தாயே.
கொஞ்ச நேரம்
காத்திருக்க வையுங்கள்.