நாலே முக்கால்

காலடிப்பேட்டை, இரண்டாம் மாடி.
ஒரு டன் ஏசி, செகண்ட் ஹேண்ட்,
பதினோராயிரம், ஸ்டெபிலைசர் தனி.
மாட்டியவர் கிளம்பும்போது சொன்னார்:
"மணிக்கு ஒரு யூனிட்னு வெச்சுக்கோங்க, கூடக் கொஞ்சம்."
அந்தக் கொஞ்சத்தை நான் விடவில்லை.
ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதினேன்,
ஜெரினின் ரஃப் நோட்டில், கடைசிப் பக்கத்தில்.

எட்டு மணி நேரம், அறுபது நாள்:
ஐநூற்று இருபத்தெட்டு.
ஊருக்கு முதல் நூறு இலவசம்,
எங்களுக்கு சப் மீட்டர்.
தாட்சாயணியம்மா யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குவார்,
முதல் யூனிட்டிலிருந்தே, சிரித்துக்கொண்டே.
நாலாயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு.
பேனாவை மூடிவிட்டுப் போய்
சட்னிக்குத் தேங்காய் துருவினேன்.

என் வேலையும் இதுதான்.
கண்டெய்னர் யார்டில் பன்னிரண்டு வருடமாக பில் போடுகிறேன்:
ப்ளக் சொருகிய நேரம், பிடுங்கிய நேரம்.
இறாலுக்கு மைனஸ் பதினெட்டு.
இரண்டு டிகிரி ஏறினால் போதும்,
எங்கிருந்தோ மெயில் வரும்,
தூங்கும் எலக்ட்ரீஷியனை எழுப்பி ஏணியில் ஏற்றுவோம்.
இந்த மாசம் எவ்வளவு வரும் என்று
எந்த இறாலும் கேட்டதில்லை.

ராத்திரி மறுபடி நோட்டை எடுத்தேன்.
அறை குளிர்ந்தபின் கம்ப்ரசர் நின்று நின்றுதான் ஓடும்.
இருபத்தாறில் வைத்து
கதவிடுக்கில் பழைய லுங்கியைத் திணித்தால்
மணிக்குப் புள்ளி ஏழு.
மூவாயிரத்து இருபத்து நான்கு.
குறைந்திருக்கிறது,
இல்லாத பணத்திலிருந்து.

அப்புறம் கணக்கைக் கீழேயிருந்து மேலே போட்டேன்.
கையில் நிற்பது ஆயிரத்து எண்ணூறு.
அப்படியென்றால் இருநூறு யூனிட்.
நாளைக்கு மூன்றேகால், சொச்சம்.
நாலே முக்கால் மணி நேரம்.

எந்த நாலே முக்கால்?

வேதமுத்து அத்திப்பட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து
ஏழரைக்கு வருவார், காது மடிப்பில் கரித்தூளோடு.
"எரிக்கிறது நாங்க, எனக்கே ஒம்போது ரூபாயா?" என்றார்.
இரண்டு நாள் கழித்து,
பகலுக்கு ஃபேன் போதும் என்றார்.
ஜெரின் பத்தரைக்குப் படுக்கிறான்.
எனக்குத் தூக்கம் பிடிப்பதே நாலு மணிக்கு மேல்தான்.
டைமர் வைத்தேன்,
பத்தரையிலிருந்து மூன்றேகால் வரை.

நோட்டில் எழுதாதது ஒன்று இருக்கிறது.
வெக்கைக்காக இதை வாங்கவில்லை.
மணலிப் பக்கக் காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்த வேண்டும்.
சாத்தினால் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்,
திறந்தால் இழுப்பு வரும்.
அதை எதால் பெருக்குவது என்று தெரியவில்லை.

மூன்றேகால். பீப்.
ஏசியின் வாய் மெல்ல மூடிக்கொள்கிறது.
ஜெரின் புரண்டு, இருமாமல், சுவர்ப் பக்கம் திரும்புகிறான்.
வெளியே போய் மீட்டரைப் பார்க்கலாம்.
கதவைத் திறந்தால்
இருக்கிற குளிரும் போய்விடும்.
படுத்திருக்கிறேன்.