விதிவிலக்குப் பட்டியல்

புந்தா அரேனாஸ் நகர நூலகத்தில் எட்டுக் கணினி.
ஐந்தாவது மட்டும் ஊமையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை
புதுக் காவல் மென்பொருளைப் போட்டவள் நான்தான்.
ஆளுக்கு அரைமணி. எதையும் நிறுவ முடியாது,
எதையும் அழிக்க முடியாது.
பள்ளிக்கூடத்துப் பையன்கள்
முகப்புத் திரையில் இனி மேயருக்கு மீசை வரையமாட்டார்கள் என்று
ஹெரால்டோ கைதட்டினார்.

புதன்கிழமை நெல்டா பாரியா வந்தாள்.
வெள்ளைக் கோலை மேசையில் சாய்த்து,
காதணியைக் கழற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.
போர்வெனிர் படகுக் கம்பெனிக்கு
வாரம் ஒரு புகார் எழுதுவது அவள் வழக்கம்.
திரையைப் படித்துச் சொல்லும் குரல் வரவில்லை.
காத்திருந்தாள்.
"உள்ளே யாரும் இல்லை" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று இரவு.
நீரிணைக் காற்று சன்னலை உலுக்குகிறது,
மாத்தே ஆறிப்போய்க் கசக்கிறது.
ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன்:
வைரஸ் தடுப்பான்,
அச்சுப்பொறியின் எடுபிடி,
கடிகாரத்தைத் திருத்தும் அற்பம் ஒன்று.
நிறுத்து, மறுபடி தொடங்கு, காதை வை.
நிறுத்து, மறுபடி தொடங்கு.

பதிவுக் கோப்பில் ஒரே வரி, இருநூறு தடவை:
அறியாத நிரல் விசைகளைக் கேட்கிறது. தடுக்கப்பட்டது.

உண்மைதான், கேட்கத்தான் செய்யும்.
அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும்
கேட்டால்தானே திருப்பிச் சொல்ல முடியும்?
கடவுச்சொல் திருடுகிறவனும்
அதையேதான் செய்வான்.
வாசலில் நிற்கும் காவலுக்கு
ஒட்டுக்கேட்பதும் காதுகொடுப்பதும் ஒன்று.

பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தேன்.
குரல் வந்தது. நான்கே சொல்.
தூங்கிக்கிடந்த வைரஸ் தடுப்பான் விழித்து,
குரலையும் காவலையும்
ஒரே கயிற்றில் கட்டிப்போட்டது.

கடைசியில் யார் முந்தி எழுவது என்பதுதான் சண்டை.
குரல் முதலில். நாற்பது நொடி கழித்துக் காவல்.
அந்த நாற்பது நொடி
ஐந்தாம் கணினி தாழில்லாமல் கிடக்கும்.
அறிக்கையில் அதை எழுதவில்லை.

விதிவிலக்குப் படிவத்தில் ஒரு கட்டம்: காரணம்.
காலியாக விட்டால் ஏற்காது.
நெல்டா என்று தட்டினேன்.
விளக்கம் போதாது என்றது.
நெல்டா பாரியா.
பச்சை விளக்கு.

திங்கட்கிழமை வந்தாள். மாட்டினாள்.
விரல்கள் கொஞ்ச நேரம் ஓடின, நின்றன.
"முன்னைவிட வேகமாகப் பேசுகிறதே.
யார் இதை நோண்டியது?"

இந்த வாரப் புகார்
படகுக் கம்பெனிக்கு இல்லை போலிருக்கிறது.