தைல மரத்தில் காய்த்தது

நான்கு மீட்டர் என்றது போன்.
பிறகு மூன்று. பிறகு மனம் மாறி, ஒன்பது.
மன்னவனூர் சாலையோரப் பைன் காட்டில்
மேகம் இறங்கி முட்டிவரை நிற்கிறது.
அதற்கும் மேலே எங்கோ ஆறேழு செயற்கைக்கோள்கள்
நாம் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன என்றேன்.
அப்போதிருந்து யூசுப்
வானத்துக்கு டாட்டா காட்டுவதை நிறுத்தவில்லை.

ஒளித்தவர் விட்டுப்போன துப்பு ஒரே வரி:
கூட்டத்தோடு கூட்டம்.

ஷிஃபாவுக்கு எட்டு வயது, உடனே விளங்கிவிட்டது.
"பைன் காய்தான் அத்தா. ஒண்ணு மட்டும் பொய்."
தரையெல்லாம் காய்கள்.
ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கம் திருகினோம்.
இருநூறு வரை எண்ணிய யூசுப்புக்கு
இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது.
விரலெல்லாம் பிசின். பிசினெல்லாம் பிஸ்கட் தூள்.
பொய்க்காய் மட்டும் இல்லை.

விறகுக் கட்டோடு வந்த பெண் நின்றாள்.
"என்ன தொலைச்சீக?"
ஒண்ணும் தொலைக்கல.
"அப்புறம் என்னத்தத் தேடுறீக?"
யாரோ ஒளிச்சு வச்சத.
"யாரு?"
தெரியாது.
"எதுக்கு ஒளிச்சாக?"
நாங்க கண்டுபிடிக்கத்தான்.
வாயைத் திறந்து சொல்லும்போதுதான் எனக்கே கேட்டது
வத்தலக்குண்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி
இதற்காக வந்திருக்கிறோம் என்பது.
அவள் கட்டை இறக்கி வைத்தாள்,
அதன்மேலேயே உட்கார்ந்தாள்,
இனி வேடிக்கை பார்ப்பதாக.

போன் திரும்பவும் நான்கு மீட்டர் என்றது.
எந்தப் பக்கம் நடந்தாலும் நான்கு மீட்டர்.
நான் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது
ஷிஃபா எங்கோ தள்ளி, காட்டின் விளிம்பில் நின்று
பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி கேட்டாள்:
"அத்தா, தைல மரத்துல பைன் காய் காய்க்குமா?"

காய்த்திருந்தது. ஒன்றே ஒன்று.
தோளுயரக் கிளையில், நீல நைலான் கயிற்றில்,
கூட்டமே இல்லாமல்.

திருகினாள். அடி கழன்றது.
உள்ளே விரல் தடிமன் குழாய்,
சுருட்டிய காகிதம், நகத்தளவு பென்சில்,
ஒரு சிவப்புப் பொத்தான்.
யூசுப் கத்திய கத்தலில்
மேகம் ஓரடி நகர்ந்தது. அல்லது நகர்ந்ததாக அவன் சொல்கிறான்.

"அதவா தேடுனீக?" என்றாள் அவள்.
"எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.
ஆடிக் காத்துல கெளையோட விழுந்து கெடந்துச்சு.
பிள்ளைக சாமானா இருக்குமேன்னு கட்டிவிட்டேன்.
பைன்ல எனக்கு எட்டுற ஒசரத்துல
வேற கெளையே இல்ல."

காகிதத்தில் கடைசிப் பெயர்
இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம்.
அடியில் எங்கள் மூன்று பெயரை எழுதப் போனேன்.
ஷிஃபா தடுத்தாள். அவளுக்கு நியாயம் முக்கியம்.
"இவங்கதான நமக்கு முன்னாடி கண்டுபிடிச்சது?"

நகத்தளவு பென்சிலை வாங்கி,
முழங்காலில் காகிதத்தை அழுத்திப் பிடித்து
அவள் எழுதினாள்: செவனம்மா.
கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே:
மூணு தடவ.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும்.
தம்பியை வைக்கலாமா என்று ஷிஃபா
குழாயை அவன் தலையோடு அளந்து பார்த்தாள்.
கடைசியில் பொத்தான் போய்ப் புளியங்கொட்டை வந்தது.

எங்கே திரும்பக் கட்டுவது என்பதில்தான் சண்டை.
போன் சொல்லும் இடத்திலா, இருந்த இடத்திலா.
செவனம்மா யாரையும் கேட்கவில்லை.
நீலக் கயிற்றில் இன்னொரு முடிச்சு,
அதே தைல மரம், அதே கிளை.
பிறகு கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள்.
தூக்கிவிட்டேன். அத்தனை கனம் என்று நினைக்கவில்லை.

திரும்பும் வழியில் பூம்பாறையில் பஸ் நின்றது.
கால் கிலோ பூண்டு வாங்க இறங்கினோம்.
தராசைக் கடைக்காரர் தூக்கிப் பிடித்திருக்க,
யூசுப் குவியலில் இருந்த பூண்டை
ஒவ்வொன்றாக எடுத்து
அடிப்பக்கம் திருகிக்கொண்டிருந்தான்.

ஒரு கிலோவாக வாங்கும்படி ஆயிற்று.