மாற்றுச் சொல் இல்லாத காற்று

நார்வேயின் வடகோடி, வார்டோ தீவு.
கரையோர வானொலியில் ஓட்னிக்கு இரவு வேலை.
அவள் நாக்குக்கு 'ந' ஆகாது.

யாருக்கும் தெரியாது.
நாற்பத்தாறு வயதுவரை தெரியாமல் பார்த்துக்கொள்வது
லேசான உழைப்பில்லை.
வாக்கியம் கிளம்பும்போதே நாலடி முன்னால் ஓடி,
பள்ளம் கண்டால் வேறு சொல்லுக்குத் திருப்பிவிடுவாள்.
அவள் மொழியில் ஒன்பது, ந-வில் தொடங்கும்.
பல் வைத்தியரிடம் எட்டு மணிக்கு வருகிறேன் என்பாள்,
ஒரு மணி நேரம் பனியில் நிற்பாள்.
'இல்லை' என்பதும் ந-வில்தான்.
வேண்டாத எத்தனைக்கோ
சரி சொல்லியிருக்கிறாள்.
கணவன் பெயர் நீல்ஸ். ஒருநாளும் அழைத்ததில்லை.
'இங்கே பாருங்க' என்றே இருபது வருடம்.
அதைப் பிரியம் என்று அவன் நம்பினான்.
பிரியமும்தான்.

வடக்கு மட்டும் வளையவில்லை.
நூர்.
என் மொழியாக இருந்தால் வாடை என்று நழுவியிருப்பாள்.
அந்த அறிக்கையில் ஒரே சொல்.
அதனால் முன்கூட்டியே பதிவு செய்வாள்,
முப்பது தடவை, நாற்பது தடவை,
திக்கிய இடங்களை வெட்டி ஒட்டுவாள்.
கடலுக்குப் போனது
வேறு யாரோ ஒருத்தியின் குரல்.

ஜனவரியில் ஓர் இரவு
பதிவுக் கருவி செத்தது. புயல் சாகவில்லை.
பதினாலு படகுகள் வெளியே.

நேரலைப் பொத்தான்மேல் விரல்.
தொண்டையில் கதவு சாத்திக்கொண்டது.
வழக்கமான வசவு உள்ளே ஆரம்பித்தது:
மடச்சி, இதுகூட முடியாதா, உன்னை நம்பி...

அப்போதுதான் கவனித்தாள்.
இஞ்சின் நின்று அழுத பையன்களிடம்
பதினோரு வருடமாக அவள் பேசுவது இப்படியில்லையே.
'அவசரமில்லை. நான் இருக்கிறேன். மூச்சு விடு' என்பாளே.
அந்தக் குரலை
ஒருமுறையாவது தன் பக்கம் திருப்பியதுண்டா?

திருப்பினாள். கூச்சமாக இருந்தது,
அடுத்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டதுபோல.
பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாப் படகுகளுக்கும். எனக்கு வாய் திக்கும்.
கொஞ்சம் பொறுங்கள்."

பிறகு ந. ந. ந.
ஏழு முறை. எட்டாவதும் வரவில்லை.
கடல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது,
அவள் நாற்பது வருடமாகப் பயந்தது
அப்படியே நடந்துகொண்டிருந்தது.
கூரை விழவில்லை.
ஒன்பதாவதில் வந்தது:
நூர். மணிக்கு நூறு கிலோமீட்டர்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு படகு:
"நூர். கேட்டது. திரும்புகிறோம்."
அவ்வளவுதான். பாராட்டெல்லாம் இல்லை.
அடுத்த அறிக்கையிலும் திக்கினாள்,
கூடுதலாகவே.

விடியாத காலை, வீடு.
பூட்ஸைக் கழற்றாமல் படுக்கை ஓரம் உட்கார்ந்து
அவனை எழுப்பினாள்.
நீ,
நீ,
நீ...
அவன் கண் திறந்து, பேசாமல்,
மிச்சப் பெயருக்காகக்
காத்திருந்தான்.